கங்கைக் கரையும் மக்கள் கருத்தும்

மகாளய அமாவாசையன்று பொழுது புலருமுன் கல்கத்தாவின் பாபு காட் படித்துறைக்குச் சென்றவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். முழங்கால் அளவு நீரில் வங்காளிகள் வரிசை வரிசையாக நின்று, நீத்த முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைப்பார்கள். அவர்களுக்கு நடுவே, லேக் மார்க்கெட்டுப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த நம்மவர் சிலரும் தர்ப்பையும் எள்ளுமாக நிற்பதுண்டு. காவிரிக் கரையில் செய்யவேண்டியதை அயலூரில் செய்கிறோமே என்ற குறை அவ்வேளையில் எவருக்கும் தோன்றுவதில்லை. ஹூக்ளி என்று பெயர் வழங்கினாலும் அதுவும் கங்கையே அல்லவா?

அந்தப் படிகளை இடித்துக் கட்டப் போகிறார்கள், அல்லது அழகுபடுத்தப் போகிறார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தால், நம்மை யாரேனும் கேட்பார்களா? கேட்டால் நாம் என்ன சொல்வோம்? இக்கேள்வி கல்கத்தாத் தமிழருக்கு மட்டும் உரியதன்று. சபர்மதிக் கரையிலும், தில்லி யமுனைக் கரையிலும், பம்பாய்த் துறைமுகத்து ஓரத்திலும் வாழும் அன்பர்கள் எல்லோருக்கும் உரியது. கல்கத்தாவை (2001 முதல் கொல்கத்தா என்பதே அதன் முறையான பெயர், நம்மிற் பலர் நாவில் பழைய பெயரே நின்றுவிட்டது) ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலில், இக்கரை யாருக்குச் சொந்தம் என்பதே ஒரு சிக்கலான கதை. 1870-ஆம் ஆண்டில் துறைமுகத்தை நிர்வகிக்கவென்று ஓர் அமைப்பு ஏற்பட்டது. கரையோர நிலத்திலும் கிடங்குகளிலும் பெரும்பகுதி அதன் கைக்கு வந்தது. 2020 முதல் சியாமா பிரசாத் முகர்ஜி துறைமுகம் என வழங்கும் அந்நிறுவனம் மத்திய அரசைச் சார்ந்தது. கரையை ஒட்டியே ஓடும் வட்டரயில் இருப்புப்பாதை ரயில்வேக்கு உரியது. மைதானமும் கோட்டையும் ராணுவத்தின் பொறுப்பு. சாலை, குப்பை, விளக்கு ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. இவற்றுக்கு மேல், பெருநகர் முழுவதற்கும் திட்டம் வகுக்க 1970-இல் தோன்றிய வளர்ச்சி ஆணையம் வேறு இருக்கிறது. ஆகவே ஒரு பூக்காரர் தம் கடையின் கூரை ஒழுகுகிறது என்று முறையிடவேண்டுமானால், எந்த வாசலில் நிற்பது என்று அறிவதற்கே அவருக்குப் பாதி ஆயுள் கழிந்துவிடும். கருத்துக் கேட்பு என்னும் வேலை இந்தியாவின் ஆற்றங்கரைகளில் தடுமாறுவதற்கு முதற் காரணம் இதுவே. கேட்கவேண்டியவர் யார் என்பதே தெளிவாக இல்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லுவதும் நியாயமன்று. 2012-இல் பிரின்ஸெப் காட் முதல் பாபு காட் வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரத்திற்கு நடைபாதையும் விளக்கும் இருக்கையும் அமைத்துத் திறந்தார்கள். மாலை வேளையில் வித்தியாசாகர் பாலத்தின் அடியில் காற்று வாங்கி நடப்பது இன்பமாகத்தான் இருக்கிறது, நாமும் நடந்திருக்கிறோம். அப்படித்துறை எவர் நினைவாக எழுந்ததோ அந்த ஜேம்ஸ் பிரின்ஸெப்பே பிராமி எழுத்தைப் படித்து உலகிற்கு அளித்தவர். அவர் படித்த அசோகர் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர் பெயர்கள் வருகின்றன. அந்த வகையில் நமக்கும் அவ்விடத்தில் ஒரு சிறு உரிமை உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அப்பகுதி பெரும்பாலும் உலாவ வருவோரின் கரை. வடக்கே செல்லச் செல்லக் கரை உழைப்போருடையதாகிறது. தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஹௌரா பாலத்தின் அடியிலுள்ள மல்லிக் காட் பூச்சந்தையைப் பார்ப்போம். இருள் பிரியுமுன்னரே மேதினிபூர், ஹௌரா, நதியா மாவட்டங்களிலிருந்து செவ்வந்தியும் சாமந்தியும் செம்பருத்தியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பொழுது ஏறுவதற்குள் பெரிய வியாபாரம் முடிந்துவிடும். 2008-ஆம் ஆண்டில் அங்கே பெருந்தீ மூண்டு கடைகள் பல சாம்பலாயின. அதன்பின் அவ்விடத்தில் நவீனச் சந்தை எழுப்பும் பேச்சு பலமுறை எழுந்தது. பூக்காரருக்கு உறுதியான கூரையும் தண்ணீரும் கழிப்பிடமும் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அவர்கள் அஞ்சுவது வேறொன்று. கட்டி முடியும் வரை எங்கே நிற்பது? கட்டியபின் அதே இடம் கிடைக்குமா? தலையில் கூடையோடு வரும் கிராமத்துப் பெண், பெயர்ப் பட்டியலிலேயே இல்லாதவள், அவளுக்கு உள்ளே இடம் உண்டா?

இவ்வச்சம் காரணமற்றது என்று எவரும் எண்ணவேண்டாம். சற்று வடக்கே குமார்துலியில் நடந்ததைக் கேளுங்கள். துர்க்கை பூஜைக்கு மண்ணுருவங்கள் சமைக்கும் கலைஞர்களின் குடியிருப்பு அது. குடிசையும் தொழிற்கூடமும் ஒன்றாய்க் கலந்த குறுகிய சந்துகள். மழைக்காலத்தில் ஒழுகும் கூரைகள். 2005-இல் மத்திய அரசு தொடங்கிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ், இவ்விடத்தைச் சீராக்கி அடுக்குக் கட்டடங்கள் எழுப்ப ஓர் ஏற்பாடு உருவாயிற்று. நோக்கம் நல்லதே. கலைஞருள் ஒரு சாரார் அதனை ஏற்றுத் தற்காலிக இடத்திற்குப் பெயர்ந்தும் சென்றனர். மற்றொரு சாரார் அசையவில்லை. முடிவில் திட்டம் நிறைவேறாமலே நின்றது. பெயர்ந்து சென்றவர்கள் தற்காலிக இடத்திலேயே ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

அசைய மறுத்தவர்களைப் பிடிவாதக்காரர் என்று சிலர் ஏசினார்கள். அவர்கள் தொழிலை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். மூங்கிலும் வைக்கோலும் கட்டிய உருவத்தின்மீது, படகில் வந்திறங்கும் ஆற்று மண்ணைப் பூசுகிறார்கள். உருவம் ஆள் உயரத்திற்கு மேல் வளரும். பத்துக் கைகள் விரியும். அதனைச் சந்தில் நகர்த்தி வெயிலில் காயவைக்கவேண்டும். பின் பலர் தோள் கொடுத்து லாரியில் ஏற்றவேண்டும். இத்தொழிலுக்குத் தரைத்தளமும் உயர்ந்த வாயிலும் திறந்த சந்தும் இன்றியமையாதவை. மேல்மாடியில் வீடு, கீழே ஓர் அறை என்னும் கணக்கு எழுத்தருக்கும் தையற்காரருக்கும் பொருந்தலாம். சிற்பிக்குப் பொருந்துமா என்பதைச் சிற்பியைத்தான் கேட்கவேண்டும். அதுவும் வரைபடம் வரைந்தபின் அன்று, வரையுமுன் கேட்கவேண்டும். மேலும், அங்கே கூடத்தின் சொந்தக்காரர் வேறு, வாடகைக்கு இருப்பவர் வேறு, பருவத்திற்குக் கிருஷ்ணநகரிலிருந்து வந்து கூலிக்கு உழைப்பவர் வேறு. ஒரு சங்கத் தலைவரின் கையெழுத்தைப் பெற்றுவிட்டால் மூவரின் சம்மதமும் கிடைத்துவிட்டதாக ஆகாது. 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் கல்கத்தாவின் துர்க்கை பூஜையை மானிடத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அப்பெருமைக்கு அடிநிலமாகிய சந்துகளில் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

நிபுணர்கள் வரையும் படங்களில் ஒரு குறை உண்டு. அவற்றில் இடம் இருக்கும், காலம் இராது. பாபு காட்டை அடுத்த வெளி, படத்தில் வெறுமையான திடலாகத் தோன்றும். ஆனால் ஜனவரியில், நாம் வீட்டில் பொங்கல் வைக்கும் சமயத்தில், கங்காசாகர் தீர்த்தத்திற்குச் செல்லும் யாத்திரிகர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து அங்கே தங்குகிறார்கள். கார்த்திகையில் பீஹார் மக்கள் சட் பூஜைக்குச் சூரியனை நோக்கி அர்க்கியம் விடுகிறார்கள். பூஜை முடிந்த நாளில் துர்க்கை உருவங்கள் நீரில் இறங்குகின்றன. நிமதலாவில் எந்நேரமும் சிதை எரிகிறது; 1941-இல் ரவீந்திரநாத் தாகூரின் உடலும் அங்கேதான் தகனமாயிற்று. போதாக்குறைக்கு, இவ்வாறு கடலின் ஏற்றவற்றத்திற்கு உட்பட்டது. வங்காளிகள் ‘பான்’ என்று சொல்லும் ஓதப்பேரலை சில நாட்களில் கடலிலிருந்து எதிர்த்து ஏறிவரும். எந்தப் படி எவ்வேளையில் வழுக்கும் என்பதைப் படகோட்டியைக் காட்டிலும் அறிந்தவர் எவர்? மக்கள் கருத்து என்று நாம் சொல்லுவது விருப்பு வெறுப்பு மட்டுமன்று. இத்தகைய செய்தி அறிவும் அதில் அடங்கும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1979-ஆம் ஆண்டின் மேற்கு வங்க நகர, ஊரமைப்புச் சட்டப்படி, வளர்ச்சித் திட்டத்தின் நகலை வெளியிட்டு ஆட்சேபங்களையும் யோசனைகளையும் வரவேற்கவேண்டும். 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், 3 லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில் வார்டுக் குழுக்கள் வேண்டும் என்கிறது. கல்கத்தாவில் 144 வார்டுகள் உள்ளன. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், சமூகத்தின்மீது நேரும் விளைவை முன்னதாக ஆராய்ந்து மக்களைக் கேட்கச் சொல்கிறது. ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கரைநிலம் ஏற்கெனவே அரசு நிறுவனத்தின் உடைமை. கையகப்படுத்தல் இல்லையேல் அச்சட்டத்தின் விசாரணையும் இல்லை. சுற்றுச்சூழல் குறித்த 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையோ, கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்களித்தது. எனவே சட்டங்கள் பல இருந்தும், ஆற்றங்கரையில் நிற்பவன் எல்லாவற்றின் இடுக்கிலும் நழுவி விழுந்துவிடக்கூடும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமே அவனுக்கு ஓரளவு கைகொடுப்பது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்கவேண்டும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று அது விதிக்கிறது.

கேட்டால் என்ன நடக்கும், கேளாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆமதாபாத்தில் ஒரே கரையில் இரண்டு பாடங்களும் கிடைக்கின்றன. சபர்மதிக் கரைத் திட்டத்திற்காக 1997-இல் தனிக் கழகம் அமைத்தார்கள். கரையோரக் குடிசைவாசிகளுக்குத் தாங்கள் எங்கே போகவேண்டும் என்பது தெரியாத நிலையில், 2005-இல் அவர்கள் சார்பில் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இறுதியில் வேறிடங்களுக்குப் பெயர்ந்தன. பலருக்கு வேலை நகருக்குள், வீடோ நகரின் ஓரத்தில். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்திற்குச் சென்றோரின் கதையை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொரு கதை குஜரி பஜார் என்னும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையினுடையது. 1414-இல் சுல்தான் அகமது ஷா காலத்தில் தோன்றியது என்பது மரபு. ஆற்றங்கரையில் கூடிவந்த அச்சந்தைக்கும் இடம் போகும் நிலை வந்தது. வியாபாரிகள் வழக்குத் தொடுத்ததோடு நில்லாமல், நகரிலுள்ள மேலாண்மைக் கல்லூரியையும் வடிவமைப்புக் கல்லூரியையும் சார்ந்தோரின் துணையுடன் தாங்களே ஒரு மாற்று வரைபடத்தைத் தயாரித்தார்கள். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் அதிகாரிக்குப் பதில் எளிது. ‘இப்படிச் செய்யலாம்’ என்று தாளை நீட்டினால் அவர் உட்கார்ந்து பார்க்கவேண்டியதாகிறது. 2014-இல் புதிய சந்தை அதே ஆற்றங்கரையில் திறந்தது. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் காயின் வீதி மக்கள் இதற்கும் ஒருபடி மேலே சென்றார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1984-இல் 13 ஏக்கர் நிலத்தைத் தங்கள் அமைப்பின் பெயரிலேயே வாங்கி, வீடும் பூங்காவும் அமைத்துக்கொண்டார்கள். அங்கிருந்த மாநகர் மன்றம் அவர்களுக்கு இணக்கமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இனி நம்மைப் பற்றி. ‘நாம் பிழைக்க வந்தவர்கள், இவ்வூர் விவகாரம் நமக்கெதற்கு?’ என்னும் எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. கல்கத்தாவின் கரையைப் பார்த்தால் இவ்வெண்ணத்திற்கு ஆதாரமே இல்லை. ஆர்மீனியன் காட்டை 1734-இல் கட்டியவர் ஓர் ஆர்மீனிய வணிகர். பூமூட்டை சுமப்பவர்களிலும் வண்டி இழுப்பவர்களிலும் பீஹாரிகளும் ஒரியர்களும் பலர். 1947-க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த சிற்பிகள் குமார்துலியில் குடியேறினார்கள். வந்தவர்களை நீக்கிவிட்டால் அக்கரையில் எஞ்சுவது படிக்கட்டும் மண்ணுந்தான்.

நாம் பேசாமலிருப்பதற்கு மொழியும் ஒரு காரணம். அறிவிப்பு ஆங்கிலத்திலும் வங்காளியிலும் வரும்; கூட்டம் வேலைநாளின் பிற்பகலில், ஏதேனும் ஒரு மண்டபத்தில் நடக்கும். விடியற்காலை வியாபாரம் செய்த பூக்காரர் அவ்வேளையில் உறங்கிக்கொண்டிருப்பார் அல்லது ஊர் திரும்பும் ரயிலில் இருப்பார். நம் வீட்டுப் பெண்கள் செல்வது அரிது. ஆகவே, கூட்டம் நடத்துவோரிடம் முதலில் கேட்கவேண்டியது திட்டத்தைப் பற்றியதன்று, கூட்டத்தைப் பற்றியது. காலை ஏழு மணிக்குச் சந்தையிலேயே கூடலாகாதா? ஹிந்தியிலும் ஒருவர் விளக்கலாகாதா? படத்தைச் சுவரில் ஒட்டி ஒரு வாரம் விட்டுவைக்கலாகாதா?

நம் தமிழ்ச் சங்கங்கள் இதில் ஒரு சிறு பணி செய்யலாம். ஆண்டுவிழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடும் அன்பர்களுள் வங்காளி எழுதப் படிக்கத் தெரிந்தவர் நாலு பேராவது இருப்பார்கள். திட்ட அறிவிப்பு வந்தால் அவர்கள் அதனைத் தமிழில் சொல்லட்டும். நம் கருத்தை வங்காளியில் எழுதட்டும். எழுதும்போது பொதுவான புகழ்ச்சியும் வேண்டாம், வசவும் வேண்டாம். எந்தப் படித்துறை, எந்த மாதம், எத்தனை மணிக்கு, ஏறத்தாழ எத்தனை பேர், வயதானவர் பிடித்து இறங்கக் கைப்பிடி உண்டா, உடை மாற்ற மறைவிடம் உண்டா என்று எழுதினால் போதும். பக்கத்தில் நிற்கும் படகோட்டியும் மாலை கட்டும் மூதாட்டியும் சொல்வதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு படி எடுத்து, ஒன்றை வார்டு உறுப்பினரிடமும் மற்றொன்றைத் திட்ட அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கவேண்டும். தேதியிட்ட முத்திரை கையில் இருந்தால், பதில் வராதபோது 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்தத் தாள் எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்கலாம்; 30 நாளுக்குள் அவர்கள் விடை சொல்லியாகவேண்டும்.