கரைக்குள் கரை: திருகோணமலையும் மாண்டல்பிரோட் தொடையும்

கொட்டியாரக் குடாவின் வடபுறத்தில் நிலத்தைக் குடைந்து செல்லும் திருகோணமலை உட்துறைமுகம், சிறு குடாக்களும் முனைகளுமாக மடிந்து மடிந்து கிடப்பதால், அதன் கரை நீளம் எவ்வளவு என்ற கேள்விக்கு, அளக்கும் கோலின் நீளத்தைச் சொல்லாமல் விடை கூற முடியாது. கோல் சிறுக்கச் சிறுக்க, முன்பு தாண்டிச் சென்ற மடிப்புகளும் கணக்கில் சேர்ந்து நீளம் கூடும். லூயிஸ் பிரை றிச்சர்ட்சன் திரட்டிய அளவீடுகளைக் கொண்டு, பிரித்தானியக் கரையை முன்வைத்து இவ்வியல்பை 1967இல் விளக்கியவர் பெனுவா மாண்டல்பிரோட். இயற்கைக் கரையின் மடிப்பு மணற்பருக்கையோடு முடிந்துவிடும். 1980இல் அவர் கணினியால் வரைந்து ஆராய்ந்த மற்றொரு கரைக்கு, அதாவது மாண்டல்பிரோட் தொடையின் எல்லைக்கு, அந்த முடிவு இல்லை.

அக்கரையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர்களுள் ஒருவர் திருகோணமலைக் கடலின் அடியையே கண்டவர். 1956இல் இலங்கைக்கு வந்து தங்கிய ஆதர் சி. கிளார்க், மைக் வில்சனுடன் சுவாமி மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டு எழுதினார். பின்னர், 1990இல் வெளியான 'த கோஸ்ட் ஃப்ரொம் த கிராண்ட் பாங்ஸ்' நாவலில் மாண்டல்பிரோட் தொடைக்குப் பெரிய இடம் கொடுத்ததோடு, 1995இல் அதைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றையும் தொகுத்து வழங்கினார்.

தொடையின் விதி மிக எளியது. ஓர் எண்ணை வர்க்கித்து, மாறாத வேறோர் எண்ணைக் கூட்டி, வரும் விடையை மீண்டும் வர்க்கித்து அதே எண்ணைக் கூட்டுவதை முடிவின்றித் தொடர வேண்டும். அந்த மாறாத எண்ணே பரமானம். பூச்சியத்தில் தொடங்கினால், பரமானம் 1 ஆகும்போது 0, 1, 2, 5, 26 என விடைகள் கட்டின்றிப் பெருகும். −1 ஆகும்போது 0, −1, 0, −1 என ஊசலாடும். தளத்தில் புள்ளிகளாகக் குறிக்கப்படும் சிக்கலெண்களையும் பரமானங்களாக எடுத்து, விடைகள் பூச்சியத்திலிருந்து 2 அலகுக்கு அப்பால் ஒருபோதும் போகாதவற்றைக் கறுப்பாக்கினால் கிடைப்பதே மாண்டல்பிரோட் தொடை.

பரமானத்தை நிலைநிறுத்தி, தொடக்கப் புள்ளியை மட்டும் மாற்றிப் பார்த்தால் தோன்றும் எல்லை வடிவம் ஜூலியா தொடை எனப்படும். கஸ்தோன் ஜூலியாவும் பியர் பத்துவும் 1918ஐ ஒட்டிய ஆண்டுகளில், கணினியே இல்லாமல் இவற்றின் இயல்புகளைக் கண்டறிந்தனர். கறுப்புப் பகுதியின் பரமானத்துக்குரிய ஜூலியா தொடை ஒரே துண்டாக இணைந்திருக்கும். வெளியே உள்ளதற்குரியது தூசியாகச் சிதறிவிடும். பூச்சியம் என்ற ஒற்றைப் புள்ளியின் போக்கு முழு வடிவத்தின் கதியையும் தீர்மானிப்பதே இத்துறையின் பேரழகு.

கரையோரத்தில் நுணுகிப் பார்க்கத்தக்க இடம், இதய வடிவப் பெரும்பகுதியின் கவட்டிலுள்ள 0.25. அங்கே விடைகள் 0.5ஐ மெல்ல நெருங்குமே தவிர அதைத் தாண்டா. பரமானத்தை 0.2501 ஆக்கினாலோ, 0.5இன் அருகே நெடுநேரம் ஊர்ந்து, 312 படிகளில் விடை 2ஐக் கடக்கும், 0.250001 ஆக்கினால் 3140 படிகள் வேண்டும். படிகளின் எண்ணிக்கையை, 0.25க்கு மேற்பட்ட மிகையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் முறையே 3.12, 3.140 என 'பை' வெளிப்படுகிறது. 1991இல் டேவ் பொல் கவனித்த இந்த விந்தைக்குக் காரணம், அந்த இடுக்கைக் கடக்கும் நடை தான்சன் சார்பைப் பின்பற்றுவதாகும்.

இத்தொடை முழுவதும் இணைந்த ஒரே துண்டு என அட்ரியன் துவாடியும் ஜோன் ஹபார்டும் 1980களின் தொடக்கத்தில் நிறுவினர். அதன் எல்லை ஒரு கோடாயினும், தளத்துக்குரிய 2 என்ற பரிமாணத்தையே பெறும் அளவுக்கு நெளிந்தது என்பதை 1991இல் மிட்சுஹிரோ ஷிஷிகுரா காட்டினார். எல்லையின் எந்தப் புள்ளியை எவ்வளவு நெருங்கினாலும் தொடை அங்கே துண்டுபடாது இணைந்திருக்குமா என்பது இன்னும் தீராத வினா. விடை 'ஆம்' எனில், கறுப்புப் பகுதியின் உட்புறத்திலுள்ள எந்தப் பரமானத்துக்கும் பூச்சியத்தின் பாதை ஏதேனும் ஒரு சுழற்சியை நோக்கி ஈர்க்கப்படும் என்பது உறுதியாகும். மெய்யச்சில் இத்தகைய பரமானங்கள் எங்கும் நெருக்கமாகப் பரவியிருப்பது 1990களில் நிறுவப்பட்டது, முழுத் தளத்துக்கும் உரிய நிறுவல் இன்னும் கிட்டவில்லை.