பட்டா நிலத்தில் வெள்ளி இருந்தால்?

கிணறு தோண்டும்போது பளபளவென்று ஒரு கல் வந்தால், சித்தூர்ப் பக்கமானாலும் திருப்பதிப் பக்கமானாலும் அது அநேகமாகக் காக்காப்பொன்தான். நகத்தால் கீறினாலே ஏடு ஏடாக உரிந்துவிடும். ஈயக்கல் அப்படியல்ல. கையில் எடுத்ததுமே கனம் தெரியும். சுத்தியலால் தட்டினால் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாக உடையும். வெள்ளி ஒளிந்திருப்பது பெரும்பாலும் இந்த மாதிரிக் கல்லில்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவில்.

ராஜஸ்தானில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம்கூட ஈயம், துத்தநாகத்தோடு சேர்த்தே வெள்ளி எடுக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் பெயர் சொல்லக்கூடிய உலோகச் சுரங்கம் குப்பம் பக்கத்துச் சிகர்குண்டா. அதுவும் தங்கத்துக்காகத் தோண்டியது. கோலார் தங்கவயலை நடத்திய அதே அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது; 2001-இல் நிறுவனத்தோடு அதுவும் நின்றது.

ஈயக்கல்லிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் பழைய முறை எளிது. கல்லை வறுத்து, கரியோடு உருக்கினால் ஈயம் வரும். அதை எலும்புச் சாம்பலில் செய்த கிண்ணத்தில் இட்டுக் காற்றூதிக் காய்ச்சினால் ஈயம் மிருதார்சிங்கியாக மாறிச் சாம்பலில் ஊறிவிடும்; வெள்ளி மணி மட்டும் மிஞ்சும். டன்னுக்கு 200 கிராம் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு டன் பாறையை உடைத்துக் காய்ச்சிய பிறகு மிஞ்சுவது ஒரு ஜோடி கனத்த கொலுசுக்குத்தான் போதும். கந்தகப் புகையும் ஈயப் புகையும் அடுப்படியில் நிற்பவர் நெஞ்சுக்குள் போகும். கொல்லைப்புறத்தில் செய்கிற வேலையே இல்லை இது. ஆலைகளில் உருகிய ஈயத்தில் துத்தநாகம் கலப்பார்கள்; வெள்ளி அதில் ஒட்டி மேலே மிதந்து வரும். 1850-இல் பார்க்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற வழி அது.

கல் யாருடையது? கேரளத்து வழக்கொன்றில் 2013-இல் உச்ச நீதிமன்றம், வேறு சட்டம் பறிக்காதவரை அடியில் உள்ள கனிமமும் நிலத்துக்காரருக்கே என்றது. ஆனால் புங்கனூர், கார்வேட்டிநகரம், காளஹஸ்தி போன்ற பழைய ஜமீன்களின் உரிமையை 1948 ஒழிப்புச் சட்டம் அரசுக்கு மாற்றிவிட்டது; அங்கே பட்டாவின் வரலாற்றையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

உரிமை இருந்தாலும் தோண்ட முடியாது. 1957 கனிமச் சட்டப்படி குத்தகை வேண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு அது ஏலத்தில்தான் கிடைக்கும். குத்தகை இல்லாமல் தோண்டினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏலம் எடுத்தவர் உங்கள் நிலத்தில் இறங்கினால், மேற்பரப்புச் சேதத்துக்கு உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும்.