கூரை ஒழுகுவதற்கு முன்பே: உள்ளாட்சிக் கட்டடங்களைக் காக்கும் தொழிலாளர்

தமிழ்நாட்டின் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சமுதாயக்கூடம், பொதுக் கழிப்பறை, மேல்நிலைத் தொட்டி எனப் பலவகைக் கட்டடங்களைத் தம் பொறுப்பில் வைத்திருக்கின்றன. இவற்றைக் கட்டும் காலத்தில் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, அடிக்கல், திறப்புவிழா என ஒவ்வொரு கட்டத்திலும் கவனம் கிடைக்கிறது. கட்டிய பிறகு பல பத்தாண்டுகளுக்கு அவற்றைக் காப்பாற்றும் வேலையோ, பெரும்பாலும் ஒரு மேஸ்திரிக்கோ பணி ஆய்வாளருக்கோ கீழ் இயங்கும் ஓரிரு பராமரிப்புத் தொழிலாளரின் கையில் விடப்படுகிறது.

இத்தொழிலாளரைக் கூலி நிர்ணயத்தில் ‘பகுதித் திறன் பெற்றவர்’ என வகைப்படுத்துவது வழக்கம். சுமை தூக்குதல், மண் வெட்டுதல் போன்றவற்றைச் செய்பவர் திறன் சாராதவர் என்றும், ஒரு வேலையைத் தாமே திட்டமிட்டு முடிக்கும் கொத்தனார், பிளம்பர் போன்றோர் திறன் பெற்றவர் என்றும் கொள்ளப்பட, இவ்விரண்டுக்கும் நடுவே, அனுபவத்தால் ஓரளவு தொழில் கற்று, தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் அதைச் செய்பவர் இந்த வகையில் அடங்குகிறார். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், உள்ளாட்சி அமைப்பின் கீழான வேலையையும் கட்டட வேலையையும் தன் அட்டவணையிலேயே சேர்த்திருந்ததால், இவருடைய கூலிக்குச் சட்டக் காப்பு தொடக்கத்திலேயே கிடைத்தது. ஆயினும் இந்த வகைப்பாடு செய்து முடிக்கும் வேலையின் கைத்திறனை அளக்கிறதே தவிர, பராமரிப்பின் உயிரான கூர்நோக்கை அளப்பதில்லை. புதிய கட்டடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை வரைபடம் சொல்லிவிடுகிறது. பழைய கட்டடத்தில் அதைத் தொழிலாளரே முதலில் கண்டறிய வேண்டியிருக்கிறது.

குழாயின் வாசர் மாற்றுதல், தொட்டி நிரம்பியதும் நீரை நிறுத்தும் பால் வால்வைச் சரிசெய்தல், கதவுக் கீல்களை இறுக்குதல், உதிர்ந்த பூச்சை ஒட்டுப்போடுதல் முதலியவை அன்றாடம் வந்துகொண்டே இருக்கும். இவற்றைவிடப் பெரிய வேலை மொட்டைமாடியில் இருக்கிறது. காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மீது தட்டோடு பதித்து அமைக்கும் அடுக்குதான் பல பழைய கட்டடங்களில் மழைநீர் கீழே இறங்காமல் தடுக்கிறது. நீர் முழுவதும் மழைநீர்க் குழாயின் வாய்க்கு ஓடிவரும்படி அதற்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். அந்த வாயை வேப்பிலைச் சருகும் பிளாஸ்டிக் உறையும் அடைத்துக்கொண்டால், நீர் தேங்கி, தட்டோட்டின் இணைப்புகள் வழியே இறங்கி, காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை எட்டுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியைச் சுற்றிய காங்கிரீட் உள்ளிருந்து பிளந்து, ஒருநாள் பாளமாகக் கீழே விழுகிறது. அதன் கீழே வகுப்பறை இருக்கிறது.

விழுவதற்கு நெடுநாள் முன்பே கட்டடம் அறிகுறி காட்டுகிறது. சுவரில் ஓதம் ஏறி வெள்ளையடிப்பு பொரிந்து நிற்பது, கூரையின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே மெல்லிய விரிசல் நீள்வது, அதன் ஓரத்தில் பழுப்புக் கறை படிவது, சிறு சுத்தியலால் தட்டினால் கெட்டியான ஒலிக்குப் பதிலாகப் பொள்ளல் ஒலி கேட்பது ஆகியவற்றை அனுபவமுள்ள தொழிலாளர் எளிதில் இனங்காண்பார். உளுத்த பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு பூசிய பிறகே கலவை வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இவற்றைச் செய்யாமல் விரிசலின் மேல் சிமென்டை அப்பி வெள்ளையடிக்கச் சொல்வது, நோயை மறைப்பதே ஆகும். அப்படிச் செய்ய மாட்டேன் என்று மறுக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன்பின் மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்க அரசு உத்தரவிட்டது. அந்த ஆய்வு தேவையானதே. ஆனால் உயிரிழப்புக்குப் பிறகு ஒருமுறை நடக்கும் ஆய்வைவிட, மாதந்தோறும் மாடி ஏறிப் பார்க்கும் ஒருவரின் சொல்லைப் பதிவேட்டில் ஏற்றுவது பயனுடையது. பொதுப்பணிகளில் பணம் வழங்குவதற்கு அடிப்படை அளவுப் புத்தகம், அதாவது முடிந்த வேலையின் நீள அகல உயரங்களை அளந்து பதியும் ஏடு. முன்கூட்டியே தடுக்கப்பட்ட கசிவுக்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. ஆகவே இத்தொழிலாளரின் மிகச் சிறந்த வேலை எந்த ஏட்டிலும் ஏறாமல் போகிறது.

இவருடைய பாதுகாப்பும் அவ்வாறே கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. இடுப்பு வார் இல்லாமல் சாரத்தில் ஏற்றுவதும், அடைத்துக்கொண்ட கழிவுநீர்த் தொட்டிக்குள் ‘சற்றே இறங்கிப் பார்’ என்று ஏவுவதும் பொறுக்கத்தக்கவை அல்ல. பாதுகாப்புக் கருவியின்றி அத்தகைய தொட்டியில் ஒருவரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இத்தகைய இறப்புக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

சித்தாளாக நுழையும் பெண்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. சுவர்ப் பூச்சுக்கு ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல், கூரையின் அடிப்பூச்சுக்கு மூன்று பங்கு என்று கலவையின் பதம் அறிந்து கலக்கும் பெண், கூலிப் பட்டியலில் ஆண்டுக்கணக்காகத் திறன் சாராதவராகவே நீடிக்கிறார். பள்ளிச் சான்று இல்லாதவரும் தம் அனுபவ அறிவைச் சோதனையில் காட்டிச் சான்றிதழ் பெற, ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்னும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உண்டு. அதற்குத் தம் தொழிலாளரை அனுப்பி, தேறியவருக்கு அடுத்த நிலைக் கூலியை வழங்குவது உள்ளாட்சிகளின் கடமை.

ஊராட்சிகளில் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைகள் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தையவை. நகரங்களில் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பகுதி சபைகள் இருக்கின்றன. பள்ளியின் மாடிக் குழாய் வாய்கள் துப்புரவு செய்யப்பட்டனவா, அதைச் செய்தவருக்குரிய கூலி முழுமையாகக் கொடுக்கப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளையும் வாசகர்கள் அங்கே எழுந்து கேட்க வேண்டும்.