குடல்நோயும் உணவும்

கொச்சியின் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் அரிசியும் மிளகும் சுக்கும் ஏலமும் நெடுங்காலமாக விற்கப்படுகின்றன. அருகிலுள்ள காயலும் கடலும் மீன்வளம் தருகின்றன. இத்தகைய வளமான ஊரில் வாழ்பவரும் ஊட்டமின்றி மெலியக்கூடும். உணவு கிடைக்காதபோது மட்டுமன்றி, உண்டதை உடல் ஏற்க இயலாதபோதும், உண்ணவே அஞ்சும்போதும் ஊட்டக்குறைவு உண்டாகும். நாள்பட்ட குடல் அழற்சி நோய் இதற்குத் தக்க சான்றாகும்.

நோயின் இயல்பு

இந்நோய் பெரும்பாலும் இருவகைப்படும். பெருங்குடலின் உட்பரப்பில் புண் உண்டாக்குவது பெருங்குடல் புண் அழற்சி. வாய் முதல் மலவாய் வரை உணவுப்பாதையின் எப்பகுதியையும் தாக்க வல்லது கிரோன் நோய். நியூயார்க் மருத்துவர் பர்ரில் கிரோனும் உடன் பணியாற்றிய இருவரும் 1932ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் நெறி பிறழ்ந்து குடலையே தாக்குவதால் வயிற்றுவலி, பேதி, குருதிப்போக்கு, களைப்பு ஆகியன தோன்றுகின்றன. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. குடல் காசநோயும் இவ்வறிகுறிகளைக் காட்டும். ஆதலின் மருத்துவ ஆய்வு இன்றியமையாதது.

ஊட்டம் குறைவது ஏன்?

வலிக்கு அஞ்சி நோயாளர் உணவைக் குறைக்கின்றனர். பேதியால் நீரும் உப்புகளும் வெளியேறுகின்றன. குருதிப்போக்கால் இரும்புச்சத்து குறைந்து சோகை உண்டாகிறது. சிறுகுடலின் கடைப்பகுதியே வைட்டமின் பி12ஐ உறிஞ்சுவதால், அப்பகுதி பழுதுற்றால் அச்சத்து உடலில் சேராது. சிகிச்சைக்கான ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொண்டால் எலும்பு வலுவிழக்கும். வளரும் பருவத்தில் இந்நோய் வந்தால் உயரமும் எடையும் வயதுக்கேற்பப் பெருகுவதில்லை.

உண்ணும் முறை

நோய் முனைந்திருக்கும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 75 கிராம் ஆகும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமே உள்ளது. எனவே வெறுங்கஞ்சியை மட்டும் பருகிக் காலம் கழித்தல் போதாது. குழைந்த சோறு, கஞ்சி ஆகியவற்றோடு முட்டை, வேகவைத்த மீன், தோல் நீக்கிய பருப்பு முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணலாம். மத்தி மீன் புரதத்தோடு வைட்டமின் டி, பி12 ஆகியவற்றையும் தரும்.

குடல் குறுகியவர்கள் நார் மிகுந்த உணவைத் தவிர்க்க வேண்டும். காரமோ பாலோ சிலருக்கு ஒவ்வாது. அதனால் எல்லாரும் அவற்றை விலக்க வேண்டுவதில்லை. நோய் தணிந்தபின் காய், கனி, பயறு ஆகியவற்றை மெல்ல மீண்டும் சேர்த்தல் வேண்டும். கிரோன் நோயுற்ற சிறுவர்களுக்கு மருத்துவர் 6 முதல் 8 வாரம் வரை சத்து நீருணவை மட்டுமே அளிப்பதும் உண்டு. அதுவே அவர்களுக்குச் சிகிச்சையாகிறது.

ஏனையோர்க்கு உணவு மருந்துக்குத் துணையே. மருந்துக்கு மாற்று அன்று. பிறர் சொற்கேட்டு ஒவ்வோர் உணவாக விலக்குபவர், நோயைவிடப் பசியாலேயே மெலிவர். வகுப்பில் உணவை உண்ணாது மூடிவைக்கும் தோழரை எள்ளுதல் தகாது. அவர் வலிக்கு அஞ்சியிருக்கலாம். பரிவுடன் வினவி ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் தெரிவிப்பதே நற்பண்பாகும்.

சொற்பொருள்

அழற்சி – வீக்கமும் எரிச்சலும் கூடிய நிலை
சோகை – குருதியில் செம்மைச்சத்துக் குறைதல்
எள்ளுதல் – இகழ்தல்
பரிவு – இரக்கம்

வினாக்கள்

1. குடல் அழற்சி நோயின் இருவகைகள் யாவை?
2. கஞ்சி மட்டும் நோயாளருக்குப் போதாது என்பதைக் கணக்கிட்டு விளக்குக.
3. ‘உணவு மருந்துக்குத் துணை, மாற்று அன்று’ – ஐந்து வரிகளில் எழுதுக.