நெருப்பு ஓடிய இடத்தில் பவழத் தோட்டம்

இருபது வருஷ காலமாக நாம் பூகோளப் பாடம் நடத்தி வருகிறோம். "எரிமலை என்றால் அழிவு" என்று கரும்பலகையில் எழுதி, அதன் கீழே அழுத்தமாகக் கோடும் போட்டிருக்கிறோம். அந்தக் கோட்டைக் கொஞ்சம் அழிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றிய இடம் பண்டாக் கடல். அதுவும் பத்து மீட்டர் நீருக்கு அடியில்!

இந்தோனேஷியாவின் கிழக்கே, மலுக்கு மாகாணத்தில், பண்டா என்று ஒரு சிறு தீவுக் கூட்டம் இருக்கிறது. கைக்குழந்தைக்கு நம் வீட்டுப் பாட்டிமார்கள் உரைத்துக் கொடுக்கிறார்களே, அந்த ஜாதிக்காயின் பிறந்தகம் இதுதான். அந்தக் காய்க்காகவே 1621-ல் டச்சுக்காரர்கள் இத்தீவு மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் அடிமைகளாக்கியும் ஒழித்தார்கள். பிற்காலத்தில் தேசபக்தர்கள் ஹட்டாவையும் ஷாரிரையும் 1936-ல் இங்கேதான் நாடு கடத்தி வைத்தார்கள். அவ்விருவரும் சும்மா இருக்கவில்லை. தீவுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். உபாத்தியாயர் ஜாதியைச் சேர்ந்த நமக்கு இதைக் கேட்டதும் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது.

நமது உல்லாசக் கப்பல் இங்கே ஒரு பகல் நங்கூரம் பாய்ச்சி நின்றது. எதிரே கூம்பு போல் எழுந்து நின்றது "குனுங் ஆப்பி". அந்த நாட்டுப் பாஷையில் அதற்கு நெருப்பு மலை என்று அர்த்தம். 1988-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி இம்மலை வெடித்தது. ஜனங்கள் படகேறி ஓடினார்கள். உருகிய பாறைக் குழம்பு சரிவில் வழிந்து கடலில் இறங்கியது. அதன் வழியில் இருந்த பவழமெல்லாம் வெந்து புதைந்தது. அந்த இடத்தில்தான் நாம் மூழ்குவதாக ஏற்பாடு.

"இந்த வயதில் உங்களுக்கு இது வேண்டுமா?" என்றாள் வீட்டு எஜமானியம்மாள். நான்கு நாள் பயிற்சி பெற்றிருக்கிறோம் என்று தைரியமாகப் பதில் சொன்னோம். ஆனால் முழங்கால்கள் அந்தத் தைரியத்தில் கலந்துகொள்ளவில்லை.

ஸ்கூபா என்னும் இந்தச் சாதனத்தில் முதுகிலே சுமப்பது பிராண வாயு என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணமாக அதில் இருப்பது நாம் தினமும் சுவாசிக்கும் காற்றேதான். அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே. ஆழத்துக்குத் தக்கபடி அக்காற்றை அளந்து வாய்க்குக் கொடுக்கும் கருவியைப் பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் காஞ்யானும் 1943-ல் அமைத்தார்கள். பத்து மீட்டர் இறங்கினால் நம்மேல் உள்ள அழுத்தம் இரட்டிப்பாகும். வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன பாயில் விதியை அன்றுதான் நம் காதுகள் கற்றுக்கொண்டன! மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் வலி தீருகிறது. மேலே வரும்போது மட்டும் மூச்சை அடக்கவே கூடாது. அடக்கினால் உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

வழிகாட்டி இளைஞன் கை காட்டிய திசையில் பார்த்தோம். கரிய சரிவை எதிர்பார்த்த நமக்குக் கருமையே தென்படவில்லை. கல்யாணப் பந்தியில் இலை போட்டது போல, மேசைப் பவழங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்து கிடந்தன. அவற்றின் நடுவே மான்கொம்புப் பவழங்கள். கொம்புகளுக்கிடையே நீலமும் மஞ்சளுமாக மீன் கூட்டம். நமது மூச்சுக் குமிழிகளின் சத்தத்தைத் தவிர வேறு ஓசை இல்லை. பயம் எப்போது நம்மை விட்டுப் போயிற்று என்றே தெரியவில்லை.

மலை வெடித்த ஐந்தே வருஷத்தில் விஞ்ஞானிகள் இங்கே இறங்கிப் பார்த்தார்கள். 124 வகைப் பவழங்கள் குடியேறியிருந்தன. மேசைப் பவழங்களில் சில 90 சென்டிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தன! காரணம் என்ன? புதிய பாறை கெட்டியானது. இடத்துக்குப் போட்டியிடப் பழைய குடிகள் இல்லை. அலை அதிகம் மோதாத ஒதுக்குப்புறம். அக்கம்பக்கத்துத் திட்டுகளில் உயிரோடிருந்த பவழங்களின் குஞ்சுகளை நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்தது. அக்கம்பக்கம் பிழைத்திருந்ததால் அழிந்த இடமும் பிழைத்தது.

படகில் ஏறியதும் நமது ஆனந்தத்தை வழிகாட்டியிடம் சொன்னோம். அவன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "மலைக்குக் கோபம் வந்தால் தணிந்துவிடும், ஐயா. கடலுக்கே காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?"

அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால், பவழத்துக்கு உணவளிக்கும் நுண்ணிய பாசி அதை விட்டு நீங்கிவிடும். பவழம் வெளுத்துப் பட்டினியால் சாகும். உலகந்தழுவிய இத்தகைய வெளுப்பு நான்காவது முறையாக நேர்ந்திருப்பதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். எரிமலை ஒரு சரிவை எரித்தது. அக்கம்பக்கத்தை விட்டு வைத்தது. மனிதன் எரிக்கும் கரியும் எண்ணெயும் உண்டாக்கும் வெப்பமோ அக்கம்பக்கத்தையும் விடுவதில்லை. தேறி எழுவதற்கு ஐந்து வருஷ அவகாசமும் தருவதில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் கரும்பலகையில் பழைய வாக்கியத்தின் பக்கத்தில், "அவகாசம் கிடைத்தால் ஆக்கமும் உண்டு" என்று எழுதுவதாக உத்தேசித்திருக்கிறோம். "அவகாசம் கொடுக்க வேண்டியது யார், ஸார்?" என்று முதல் பெஞ்சுப் பையன் நிச்சயமாகக் கேட்பான். அவனுக்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.