லேப்ல யாரு ‘வின்னர்’?

2023 ஜூலையில ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெஸ்ஸியர்-லவீன் பதவி விலகுறதா அறிவிச்சார். அவர் பேர் இருந்த ஆய்வுக் கட்டுரைகள்ல படங்களைத் திருத்தியிருக்காங்கன்னு மாணவர் பத்திரிகை ‘ஸ்டான்ஃபோர்டு டெய்லி’ எழுதினதுதான் தொடக்கம்.

விசாரணைக் குழு என்ன சொல்லுச்சு? அவர் தன் கையால எதையும் திருத்தல. ஆனா, தப்பு தெரிஞ்ச பிறகு அதைச் சரிசெய்ய உறுதியா நிக்கல. இன்னொண்ணு: நல்ல ரிசல்ட் கொண்டுவந்தா ‘வின்னர்’, இல்லன்னா ஓரங்கட்டப்படுவோம்னு அந்த லேப்ல வேலை பார்த்த சிலர் சொல்லியிருந்தாங்க.

விஷயமே இங்கதான். ‘ஏமாத்து’ன்னு எந்தத் தலைவரும் சொல்ல வேண்டியதில்ல. ‘டெஸ்ட் ஃபெயில்’னு சொல்றவங்களுக்குத் திட்டு விழுந்தா போதும், அடுத்த வாரம் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆயிடும். ஆராய்ச்சிக்குச் சேரும்முன்ன சீனியர்கிட்ட கேளுங்க: ‘இங்க கெட்ட செய்தி சொன்னா என்ன நடக்கும்?’