கோர்வைக்கும் ஒரு பெயர் வேண்டும்

மிருதங்கத்தில் வாசிப்பதெல்லாம் அந்த நேரத்துக் கற்பனை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். தனி ஆவர்த்தனத்தின் நிறைவில் மூன்று முறை வரும் கோர்வை, பெரும்பாலும் முன்பே கணக்குப் பார்த்து, சொல் தேர்ந்து கட்டப்பட்ட உருப்படி. ராகமும் சாகித்யமும் இல்லாமல் தாளத்தை மட்டுமே கொண்டு செய்த இசையமைப்பு அது.

அதன் ஒரு சிறு துண்டை மட்டும் பார்ப்போம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரம்; சதுஸ்ர நடையில் 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' ஐந்து மாத்திரை. மூன்று முறை சொன்னால் 15. நடுவே இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 19. தாளம் தொடங்கும் இடமான சமத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டுமானால் 13 மாத்திரை கழித்து, அதாவது மூன்றேகால் அட்சரம் தள்ளித் தொடங்க வேண்டும். கார்வையை நான்காக்கினால் தொடக்கம் இரண்டேகாலுக்கு வந்துவிடும். பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு அரை இடம் தள்ளி இருந்தால் எல்லாவற்றையும் இன்னும் இரண்டு மாத்திரை நகர்த்த வேண்டும்.

சொல்லை மாற்றாமலே நீளத்தையும் மாற்றலாம். அதே ஐந்து சொல்லுக்குள் ஒரு மாத்திரை கார்வை வைத்தால் ஆறு, இரண்டு வைத்தால் ஏழு. 5, 6, 7 என்று வளர்த்தால் ஸ்ரோதோவக யதி. 7, 6, 5 என்று குறைத்தால் கோபுச்ச யதி. தாளத்தில் இசையமைப்பவரின் திறமை அடியைவிட அடிக்காமல் விடும் இடத்தில்தான் அதிகம் தெரிகிறது என்பேன்.

கணக்கு சரியாக வந்தால் மட்டும் கோர்வை ஆகிவிடாது. விரலில் தடையில்லாமல் ஓட வேண்டும், மிருதங்கத்தின் இரு பக்கங்களான வலந்தலையும் தொப்பியும் ஒன்றோடொன்று பேச வேண்டும், தாளம் போடத் தெரியாதவர் காதுக்கும் இனிக்க வேண்டும். 1962இல் மறைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை இதில் மேதை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வழியில் வந்தவர், இடது கைக்காரர். கேட்க எளிமையாக இருக்கும் அவருடைய கோர்வைகள், தாளம் போட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு நுட்பமானவை என்று காட்டும்.

"இது பழனி கோர்வை" என்று வித்வான்கள் தமக்குள் சொல்லிக்கொள்வார்கள். மேடையிலோ கீர்த்தனையை இயற்றியவர் பெயரை அறிவிப்பவர்கள்கூடக் கோர்வையை அமைத்தவர் பெயரைச் சொல்வது அரிது. கச்சேரி செய்பவர்களும் சபாக்களும் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல்லவி பாடுவதற்கு முன் தாளத்தை விளக்க நேரம் இருக்கிறதென்றால், தனி தொடங்குவதற்கு முன் ஒரு பெயரைச் சொல்லவும் நேரம் இருக்கும்.